சட்டம் சாகும், வழக்குச் சாகுமா?

சில கிழமைகளுக்கு முன் வன்னிப் பகுதியிலே ஒரு கமக்காரர் சங்க மண்டபத்திற் பேசிவிட்டு மேடையை விட்டு இறங்கினேன். கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. முதியவர் ஒருவர் வந்து என் கையைப் பற்றினார். "தம்பி, அந்தப் பயங்கரவாதச் சட்டத்தை எடுத்துப் போடவேணும் எண்டு நீங்கள் எல்லாரும் பேசிறியள். எடுத்துப் போட்டால் என்ரை மருமோன் அடுத்த கிழமை வீட்டை வந்திடுவானோ?" என்று கேட்டார். சகோதரியின் மகன், வழக்கு இன்னும் தீரவில்லை, விளக்கமறியலில் இருக்கிறான்.

மேடையில் நின்று முழங்குவது எளிது. கையைப் பற்றிக் கேட்பவருக்குப் பதில் சொல்வது எளிதன்று. "இல்லை, ஐயா. சட்டத்தை எடுத்தால் மட்டும் அவர் வரமாட்டார்" என்றேன்.

"அப்ப என்னத்துக்குத் தம்பி எடுக்கிறது?"

அந்த ஒரு கேள்விக்கு விடையாகவே இக் கட்டுரையை எழுதுகின்றேன். படித்தவர்களும் இதில் மயங்கியே இருக்கிறார்கள். வைத்தியர்கள், ஆசிரியர்கள், ஏன், கறுப்பு அங்கி தரித்த என் சகோதர சட்டத்தரணிகளிற் சிலருங்கூட, "சட்டம் ஒழிந்தால் அதன் கீழ் வந்தவை யாவும் ஒழியும்" என்றே எண்ணியிருக்கக் காண்கிறேன். மரம் விழுந்தால் கிளையில் இருந்த கூடும் விழும் என்பது போன்ற எண்ணம் இது. சட்டத்தின் இயல்போ வேறு.

ஒரு காலத்தில் இங்கிலாந்திலும் மரமும் கூடும் சேர்ந்தே விழுந்தன. நீக்கப்பட்ட சட்டத்தை என்றுமே இல்லாத சட்டமாகக் கருதுவதுதான் அந்நாட்டுப் பழைய பொதுவிதி. முற்றாக நடந்து முடிந்துபோன காரியங்களுக்கு மட்டுமே விலக்கு இருந்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கையில் பாராளுமன்றம் சட்டத்தை நீக்கிவிட்டால் வழக்காளி வெறுங்கையோடு வீடு செல்ல வேண்டியதுதான். இதனால் விளைந்த அநீதிகள் பல. ஆதலின், சட்டம் வரைவோர் ஒவ்வொரு நீக்கற் சட்டத்திலும் காப்பு வாசகம் ஒன்றை எழுதி வரலாயினர். பின்பு அதுவே பொதுச் சட்டமாயிற்று. இங்கிலாந்தில் 1889 ஆம் ஆண்டும், இந்தியாவில் 1897 ஆம் ஆண்டும், நம் நாட்டில் 1901 ஆம் ஆண்டும் அது நடந்தேறியது. நம் நாட்டுச் சட்டத்திற்குப் பொருள்கோடற் கட்டளைச் சட்டம் என்று பெயர். 1901 இன் 21 ஆம் இலக்கம். அதன் 6 ஆம் பிரிவின் 3 ஆம் உட்பிரிவே இன்று நம் கவனத்திற்குரியது.

அவ்வுட்பிரிவின் சாரத்தை எளிய தமிழில் தருகின்றேன். ஒரு சட்டம் இன்னொரு சட்டத்தை நீக்கும்போது, வேறுவிதமாக வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருந்தாலன்றி, பழைய சட்டத்தின் கீழ் முறைப்படி நடந்தேறியவை கெடமாட்டா. அதன் கீழ் ஒருவன் அடைந்த உரிமையோ, ஏற்ற பொறுப்போ, புரிந்த குற்றமோ, அக்குற்றத்திற்குரிய தண்டனையோ அழியமாட்டா. நீக்கற் சட்டம் நடைமுறைக்கு வரும் நாளில் முடிவுறாதிருக்கும் வழக்குகளையும் நடவடிக்கைகளையும், நீக்கமே நிகழாதது போல, தொடர்ந்து நடத்தி முடிக்கலாம்.

கமக்காரருக்கு இதை விளக்க உதாரணம் தேட வேண்டியதில்லை. வயற் குத்தகைச் சட்டங்களின் கதையே போதும். 1958 இன் 1 ஆம் இலக்க நெற்காணிச் சட்டம் குத்தகைக் கமக்காரனுக்கு நிலையான உழுதுண்ணும் உரிமையையும், அவன் பிள்ளைக்கு வழிவழி செல்லும் உரிமையையும் தர முயன்றது. பின்பு 1973 இன் 42 ஆம் இலக்க விவசாயக் காணிகள் சட்டம் வந்தது. அதன் பின் 1979 இன் 58 ஆம் இலக்கக் கமநல சேவைகள் சட்டம். அதன் பின் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம். நாற்பத்திரண்டு ஆண்டுகளில் நான்கு சட்டங்கள்! வயல் ஒன்றே, உழுதவன் ஒருவனே, அவன் தலைக்கு மேலே சட்டம் மட்டும் மாறி மாறி வந்தது. 1972 ஆம் ஆண்டு வயலினின்றும் எழுப்பப்பட்ட ஒருவன், "என்னை மீண்டும் குடியமர்த்துக" என்று 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் முறையிட்டிருக்கையில் அச்சட்டமே போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். காப்பு விதி இல்லையேல் அவன் முறைப்பாடு அன்றைக்கே குப்பைக் கூடைக்குப் போயிருக்கும். காப்பு விதி அவனைக் காத்தது.

ஆகவே, அந்த விதியை நான் பழிப்பதாக எவரும் எண்ணற்க. அது நல்ல விதி. ஏழைக்கும் வேண்டிய விதி.

உரிமை வேறு, எதிர்பார்ப்பு வேறு

எனினும் அதன் எல்லையை அறிந்திருத்தல் வேண்டும். காப்பாற்றப்படுவது அடைந்த உரிமை மாத்திரமே. அடையலாம் என்ற நம்பிக்கை அன்று. ஹொங்கொங்கிலிருந்து சென்ற ஒரு வழக்கில் பிரிவிக் கவுன்சில் எனப்படும் கோமறைக் கழகம் 1961 ஆம் ஆண்டில் இதைத் தெளிவாக்கியது. கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவதற்கு அதிகாரியின் சான்றிதழ் பெற்றால், வாடகைக்கு இருப்போரை எழுப்பலாம் என்பது அந்நாட்டுச் சட்டம். காணி உடையவர் விண்ணப்பித்தார். இருந்தோர் எதிர்த்து மனுச் செய்தனர். மனு தீருமுன்பே அச்சட்டப் பிரிவுகள் நீக்கப்பட்டன. உடையவர், "என் உரிமை நீக்கத்தாற் கெடாது" என்று வாதித்தார். "உமக்கு இருந்தது உரிமை அன்று, விசாரணையின் முடிவில் உரிமை கிடைக்கலாம் என்ற நம்பிக்கையே" என்பது நீதிபதிகள் சொன்ன விடையின் கருத்து.

இதனைக் காணி விஷயத்திற் பொருத்திப் பாருங்கள். 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப் பத்திரம் கையில் வைத்திருப்பவனுக்கு உரிமை உண்டு. கச்சேரிக் கோவையில் விண்ணப்பம் உறங்கும் கமக்காரனுக்கு இருப்பது நம்பிக்கை. நாளை அச்சட்டம் மாறினால் முன்னவன் நிற்பான். பின்னவன் புதிய வரிசையிற் போய் நிற்க வேண்டியவனாவான். "விண்ணப்பம் கொடுத்து இருபது வருடமாயிற்று, இனி அது என்னுடையதுதான்" என்று கூறித் திருப்தியடைந்திருக்கும் நம்மவர்கள் இதைக் கேட்டுக் கண் விழித்தல் வேண்டும். கோவையின் வயது உரிமையாகாது.

மேன்முறையீட்டு உரிமையோ வெறும் நம்பிக்கை அன்று. அவுஸ்திரேலிய வழக்கொன்றில் அதே கோமறைக் கழகம் 1905 ஆம் ஆண்டிலேயே இதை முடிவுகட்டியது: வழக்குத் தொடங்கியபோது மேன்முறையீடு செய்யும் உரிமை இருந்ததாயின், இடையில் வந்த சட்டம் வெளிப்படையாகச் சொன்னாலன்றி அவ்வுரிமை அழியாது. வழக்கு நடத்தும் முறை மாறலாம், படிவம் மாறலாம், தவணை மாறலாம். மேலே சென்று நீதி கேட்கும் உரிமை அவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கதன்று.

நீக்கத்திற்கும் காலாவதிக்கும் உள்ள வேறுபாட்டையும் ஒரு வார்த்தையிற் சொல்லிவிடுகிறேன். 6(3) ஆம் பிரிவு பேசுவது ஒரு சட்டம் இன்னொன்றை நீக்குவதைப் பற்றியே. தன் ஆயுள் முடிந்து தானே ஓயும் சட்டத்தைப் பற்றியன்று. யுத்தத்தால் ஊரை விட்டு ஓடியவர்களின் காணியைப் பிறர் பிடித்து வைத்துப் பத்தாண்டு ஆட்சி என்று உரிமை கொண்டாடுவதைத் தடுக்க, 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க ஆட்சியுரிமை விசேட ஏற்பாட்டுச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையுள்ள காலத்தைக் கணக்கிற் சேர்க்காது விடுவது அதன் நோக்கம். இரண்டே ஆண்டுகள்தான் அதற்கு ஆயுள். அந்த இரண்டு ஆண்டுகளில் வழக்குத் தாக்கல் செய்யாதிருந்தவர்களுக்குக் காப்பு விதி துணைக்கு வாராது. எத்தனை பேர் அச்சட்டம் வந்ததையே அறியாதிருந்தனர் என்பதை என் அலுவலகத்து வாங்கில் வந்து அமர்ந்தவர்களைக் கேட்டே நான் அறிந்தேன். இதிற் குற்றம் அரசாங்கத்தின் மேல் மட்டும் அன்று. நம் கட்சிகளின் மேலும் உண்டு, என் போன்றோர் மேலும் உண்டு.

பிறக்குமுன்னும் இறந்தபின்னும்

இனி முதியவரின் கேள்விக்கு வருவோம்.

1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் அவ்வாண்டு யூலை மாதத்தில் அவசர மசோதாவாகக் கொண்டுவரப்பட்டது. மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் நிறைவேற்றுவது என மந்திரிசபையே முன்கூட்டித் தீர்மானித்துக்கொண்டமையால், அது அடிப்படை உரிமைகளோடு முரண்படுகிறதா என்ற கேள்விக்கு இடமில்லாமற் போயிற்று. மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் என்று சொல்லப்பட்டது. 1982 இன் 10 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதை நிரந்தரமாக்கியது. அச்சட்டத்தில் "சட்டவிரோத நடவடிக்கை" என்ற சொல்லுக்குத் தரப்பட்ட வரைவிலக்கணத்தை எடுத்துப் பாருங்கள். அச்சட்டம் நடைமுறைக்கு வரும் திகதிக்கு முன்னர் செய்யப்பட்டதும், பின்னர் செய்யப்பட்டதும் இரண்டும் அதில் அடங்கும் என்று எழுதப்பட்டிருக்கிறது! தான் பிறப்பதற்கு முன் நடந்ததையும் பிடிக்கும் சட்டம் அது.

இப்போது 6(3) ஆம் பிரிவை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டம் வெறுமனே நீக்கப்படுமாயின், அதன் கீழ்ப் புரியப்பட்டதாகச் சொல்லப்படும் குற்றம் அழியாது, தண்டனை அழியாது, நடக்கும் வழக்கு, நீக்கமே நிகழாதது போலத் தொடரும். பிறக்குமுன்னும் பிடித்த சட்டம் இறந்தபின்னும் பிடிக்கும்.

வழக்குத் தொடரும் என்றால் எப்படித் தொடரும்? இங்கேதான் விஷயத்தின் வேர் இருக்கிறது. 1895 ஆம் ஆண்டு முதல் நம் சாட்சியச் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு, பொலிஸ் அதிகாரிக்கு அளித்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு மாறாக நிரூபிக்க இடந்தரவில்லை. பொலிஸ் அறைக்குள் என்ன நடக்கும் என்பதை வெள்ளைக்காரனே அறிந்திருந்தான். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திற்குக் குறையாத அதிகாரிக்கு அளித்த ஒப்புதலை ஏற்கச் செய்தது. அதோடு நில்லாமல், அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்றால் அதை நிரூபிக்கும் சுமையையும் எதிரியின் தலையிலேயே வைத்தது. மூடிய அறையில், சாட்சியின்றி, தனக்குத் தெரியாத மொழியில் எழுதிய கடதாசியிற் கையொப்பமிட்டவன், தான் வருத்தப்பட்டதைத் தானே நிரூபிக்க வேண்டும்!

"சாட்சிய விதி என்பது வழக்கு நடத்தும் முறையைச் சேர்ந்தது, முறை மாறினால் நடக்கும் வழக்கிற்கும் புதிய முறையே பொருந்தும், ஆகவே நீக்கத்தின் பின் 16 ஆம் பிரிவு நில்லாது" என்று நீதிமன்றில் வாதாடலாம். நானே வாதாடுவேன். ஆனால் "நீக்கமே நிகழாதது போல" என்ற சொற்கள் எதிர்ப்பக்கத்துச் சட்டத்தரணியின் கையில் ஆயுதமாக இருக்கும். ஒரு மனிதனின் விடுதலையை அப்புக்காத்துமாரின் நாவன்மையில் தொங்கவிடுவதா? பாராளுமன்றம் ஒரே ஒரு வாசகத்தை எழுதினால் தீரும் காரியம் இது.

இவ்வாறு நடவாது என்று நம்புவோருக்கு 2011 ஆம் ஆண்டை நினைவூட்டுகிறேன். அவ்வாண்டு ஆகஸ்ட் இறுதியில் அவசரகால நிலை நீடிக்கப்படாது ஓய்ந்தது. உலகம் முழுவதற்கும் அறிவிக்கப்பட்டது. சர்வதேச அரங்குகளிற் கைதட்டலும் கிடைத்திருக்கும். அவசரகால ஒழுங்குவிதிகளின் கீழ் அடைபட்டிருந்தவர்களின் உறவினர் சிறை வாசல்களில் எதிர்பார்த்து நின்றனர். நடந்தது யாது? அதே நாட்களிலேயே பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 27 ஆம் பிரிவின் கீழ்ப் புதிய ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளிவந்தன. தடுத்து வைக்கப்பட்டோரும் விளக்கமறியலில் இருந்தோரும் தொடர்ந்து அங்கேயே இருப்பதற்கென்றே அவற்றுள் ஒன்று எழுதப்பட்டது. கதவு ஒன்று திறந்தது. உள்ளே இருந்தவர்கள் வெளியேறுமுன் மற்றொரு கதவு சாத்தப்பட்டது.

எழுதத் தெரியாதவர்களா?

"வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருந்தாலன்றி" என்று 6(3) ஆம் பிரிவு கூறுகிறது. அதாவது, பாராளுமன்றம் விரும்பினால் நடக்கும் வழக்கை முடிக்கலாம், இருக்கும் உரிமையை அழிக்கலாம், எழுதினாற் போதும். நம் பாராளுமன்றத்திற்கு அப்படி எழுதத் தெரியாதா? நன்றாகத் தெரியும். யாருக்காக எழுதியது என்பதைப் பாருங்கள்.

1977 ஆகஸ்ட் மாதத்தில் தமிழர் வெட்டியும் எரித்தும் விரட்டப்பட்டனர். 1982 இன் 20 ஆம் இலக்க நட்டோத்தரவாதச் சட்டம் அம்மாதத்தில் நல்லெண்ணத்தோடு ஒழுங்கை நிலைநாட்டும் பொருட்டுச் செய்யப்பட்ட செயல்களுக்காக மந்திரிமார், படையினர், அரச ஊழியர் ஆகியோருக்கு எதிராக வழக்குத் தொடர முடியாது என்று விதித்தது. 1988 இன் 60 ஆம் இலக்கத் திருத்தம் அக்காப்பை 1988 டிசெம்பர் 16 வரைக்கும் நீட்டியது. இடையில் 1983 யூலையும் அடங்குகிறது என்பதை வாசகர் கவனிக்க. பாதிக்கப்பட்டவன் அடைந்திருந்த வழக்குரிமையை ஒரு பேனா வீச்சு அடைத்தது. தெளிவாக எழுதினார்கள், திகதி போட்டு எழுதினார்கள்.

1962 ஆம் ஆண்டிலும் எழுதினார்கள். அவ்வாண்டு தை மாதத்து இராணுவச் சதி முயற்சியிற் பிடிபட்ட படை, பொலிஸ் உயர் அதிகாரிகளைத் தண்டிப்பதற்கென்றே 1962 இன் 1 ஆம் இலக்கக் குற்றவியல் விசேட ஏற்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. நடந்து முடிந்த செயலுக்குப் பின்னோக்கிச் சட்டம், பின்னோக்கித் தண்டனை, பின்னோக்கிச் சாட்சிய விதி. பதினொருவர் தண்டிக்கப்பட்டனர். லியனகே வழக்கில் 1965 டிசெம்பர் மாதம் கோமறைக் கழகம் அதைச் செல்லாதது எனத் தள்ளியது. குறித்த சிலரைக் குறித்த வழக்கில் தண்டிக்கும் நோக்கோடு சட்டம் செய்வது நீதித்துறையின் அதிகாரத்தைப் பறிப்பதாகும் என்பது அதன் காரணம். அவர்கள் விடுதலையாயினர். அந்தத் தீர்ப்பை நான் பாராட்டுகிறேன். ஆனால் அவ்வழி நமக்கு இன்று இல்லை. 1972 ஆம் ஆண்டு அரசியலமைப்பும், 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 80 ஆம் உறுப்புரையும், நிறைவேறிய சட்டத்தை நீதிமன்றம் கேள்வி கேட்பதை மூடிவிட்டன. மசோதாவாக இருக்கும்போது, குறுகிய தவணைக்குள், உயர் நீதிமன்றத்திற்கு ஓடினாற்றான் உண்டு.

மறுபுறத்தைப் பாருங்கள். அரச எழுதுவினைஞரான கோடீஸ்வரன் தொடுத்த வழக்கை நம்மவரில் மூத்த தலைமுறையினர் மறந்திரார். சிங்களத் தேர்ச்சி இல்லாதாருக்குச் சம்பள ஏற்றம் இல்லை என்றது 1961 டிசெம்பர் 4 ஆம் திகதிய திறைசேரிச் சுற்றறிக்கை 560. அவருக்கு 1962 இல் வரவேண்டிய ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் கொழும்பு மாவட்ட நீதிமன்றில் வழக்குத் தொடுத்தார். 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க அரச கரும மொழிச் சட்டமே அரசியலமைப்பின் 29(2) ஆம் பிரிவுக்கு முரண்பட்டது என்று 1964 ஆம் ஆண்டு மாவட்ட நீதிபதி தீர்ப்பளித்தார். அரசாங்கம் மேன்முறையிட்டது. 1967 இல் உயர் நீதிமன்றம் மொழிக் கேள்விக்குள் நுழையவே இல்லை. "அரச ஊழியன் சம்பளத்திற்காக முடிக்கு எதிராக வழக்காட முடியாது" என்று கூறி வழக்கைத் தள்ளியது. 1969 டிசெம்பரில் கோமறைக் கழகம் அத்தீர்ப்பைத் தவறு என்றது. அரச ஊழியன் வழக்காடலாம் என்றது. மொழிக் கேள்வியைத் தீர்க்கும்படி வழக்கை உயர் நீதிமன்றிற்கே திருப்பி அனுப்பியது.

அதன் பின் இரண்டரை ஆண்டுகள் சென்றன. விடை வரவில்லை. 1971 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டம் கோமறைக் கழகத்திற்குச் செல்லும் வழியை மூடியது. 1972 மே 22 ஆம் திகதி புதிய அரசியலமைப்பு வந்தது. 29 ஆம் பிரிவு போயிற்று. மொழிச் சட்டத்திற்கோ அரசியலமைப்பின் காவலே கிடைத்தது. கோடீஸ்வரன் கேட்ட கேள்விக்கு இன்றுவரை நீதிமன்றத் தீர்ப்பு இல்லை.

இவ்விடத்திற் சட்ட நுட்பம் ஒன்றை நேர்மையோடு சொல்ல வேண்டும். பொருள்கோடற் கட்டளைச் சட்டம் சாதாரண சட்டங்களுக்கு உரியது. அரசியலமைப்பையே வேரோடு மாற்றிய ஒரு நிகழ்ச்சியை அது கட்டுப்படுத்தாது. ஆயினும் அதன் தத்துவம் யாது? அடைந்த உரிமை நீக்கத்தாற் கெடாது என்பதுதானே? 1962 முதல் 1972 வரை அவர் சம்பளத்திற் பிடிக்கப்பட்ட ஏற்றம், சுற்றறிக்கை செல்லாததாயின், 29 ஆம் பிரிவு உயிரோடிருந்த காலத்திலேயே அவருக்குச் சேர்ந்துவிட்ட கடன். 29 ஆம் பிரிவு பின்பு இறந்ததால் அக்கடனும் இறந்தது என்று எப்படிச் சொல்வது? இறக்கவில்லை என்று வாதாட இடமிருந்தது என்பதே என் துணிபு. ஆனால் கேள்வியை எழுப்பும் சட்டம், தீர்க்கும் மேல்மன்றம், தீர்ப்பைத் தாங்கும் அரசியலமைப்பு ஆகிய மூன்றும் காலின் கீழிருந்து உருவப்பட்டபின் வாதத்தை எங்கே கொண்டுபோவது? வழக்குச் சாகவில்லை என்று சொன்னாற் போதாது. வழக்கு நிற்கப் படி வேண்டும்.

ஆக, இந்நாட்டிலே நடக்கும் வழக்கைப் பற்றிய நியாயம் இரண்டு முகங்களோடு வந்திருக்கிறது. தமிழன் எதிரியாக நிற்கும் வழக்குத் தொடர்ந்தது. தமிழன் வழக்காளியாக நின்ற வழக்கு நடுவழியில் விடப்பட்டது. இதைத் தற்செயல் என்று எவரும் கூறுவாராயின், அவருக்கு ஒரு தற்செயலாவது நம் பக்கம் சாய்ந்ததைக் காட்டும் பொறுப்பு உண்டு.

சிலர் சொல்வர்: "நடக்கும் வழக்குகளையெல்லாம் ஒரே வாசகத்தால் முடித்தால், உண்மையாகவே உயிர்களைக் கொன்றவனும் தப்பிவிடுவானே?" நியாயமான கேள்விதான், அலட்சியம் செய்யலாகாது. பேருந்திலும் புகைவண்டியிலும் குண்டினாற் செத்தவர்களும் மனிதரே. கொலை செய்தவனைத் தண்டிக்க 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை இருக்கிறது. வெளியான, பரிசோதிக்கத்தக்க சாட்சியம் இருக்குமாயின், சட்டமா அதிபர் அச்சட்டத்தின் கீழ், சாதாரண சாட்சிய விதியின் கீழ், புதிய குற்றப் பத்திரிகை தாக்கல் செய்யட்டும். ஒப்புதற் கடதாசி ஒன்றைத் தவிர வேறொன்றும் இல்லையாயின், அது வழக்கே அன்று.

வேறு சிலர், நம்மவரே, சொல்வர்: "முதலில் நீக்கட்டும், மற்றவற்றைப் பிறகு பார்ப்போம்." இதைவிட ஆபத்தான ஆலோசனை வேறில்லை. 2018 ஆம் ஆண்டும் 2023 ஆம் ஆண்டும் பழைய சட்டத்தின் இடத்தில் வேறு சட்டம் வைக்கும் மசோதாக்கள் வெளியாயின. இரண்டும் அன்று சட்டமாகவில்லை. அவற்றைப் பற்றி எழுந்த விவாதம் பெரும்பாலும் முதற் பக்கத்து வரைவிலக்கணங்களோடே நின்றது. பயங்கரவாதம் என்றால் என்ன, அதிகாரிக்கு எத்தனை நாள் தடுக்கும் அதிகாரம் என்பவற்றையே யாவரும் பேசினர். அவை முக்கியமானவையே. ஆனால், உள்ளே இருப்பவனின் தலைவிதி எழுதப்படுவது கடைசிப் பக்கத்தில், "நீக்கமும் காப்பும்" என்ற தலைப்பின் கீழ்! சட்டம் நிறைவேறிய பின்பு அப்பக்கத்தைத் திறப்பது எந்த நீதிமன்றத்தாலும் இயலாது என்பதை மேலே கண்டோம். பிறகு பார்ப்பதற்குப் பிறகு என்று ஒன்று இல்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியது வெறும் நீக்கம் அன்று. நீக்கற் சட்டத்திலே, 6(3) ஆம் பிரிவு கோரும் அந்த வெளிப்படையான வாசகமே நம் கோரிக்கை. பழைய சட்டத்தின் கீழ்ப் பிறப்பித்த தடுப்புக் கட்டளைகள் யாவும் நீக்க நாளோடு ஒழியும் என எழுதுக. 16 ஆம் பிரிவு ஒப்புதல் எந்த வழக்கிலும், நடக்கும் வழக்காயினும் மேன்முறையீடாயினும், இனிச் சாட்சியமாகாது என எழுதுக. அவ்வொப்புதலை மட்டும் கொண்டு முன்னரே தண்டிக்கப்பட்டவர்களுக்கு, தவணை கடந்துபோயிருந்தாலும், மேன்முறையீட்டு நீதிமன்றத்திற்குச் செல்ல வழி திறந்து எழுதுக. பழைய சட்டத்தின் கீழ் வருத்தப்பட்டவர்கள் தொடுத்த அடிப்படை உரிமை மனுக்களும் நட்டஈட்டுக் கோரிக்கைகளும் தொடரும் என, அதே வாசகத்தின் மறு பாதியாக எழுதுக. இந்தக் கடைசிப் பாதியை மறந்துவிட்டு, "பழைய நடவடிக்கைகள் யாவும் ஒழியும்" என்று மட்டும் கேட்டோமாயின், குற்றம் சாட்டப்பட்டவனின் வழக்கோடு, அடிபட்டவனின் வழக்கையும் நாமே புதைத்தவராவோம். நட்டோத்தரவாதம் எழுதிப் பழகிய கைகள் அந்த வாய்ப்பை விடமாட்டா.

பாராளுமன்றத்தில் உள்ள நம் பிரதிநிதிகள், எக்கட்சியினராயினும், இவ்வாசகத்தைத் தாமே வரைந்து கையில் வைத்திருக்கட்டும். மசோதா வெளியான பின்பு வரையத் தொடங்கினால் நாள் போதாது. வடக்கிலும் கிழக்கிலும் உள்ள சட்டத்தரணிகள் சங்கங்கள் இப்போதே கணக்கெடுக்கலாம்: எந்த மன்றில், எத்தனை வழக்கு, எதில் ஒப்புதலைத் தவிர வேறு சாட்சியம் உண்டு, எதில் இல்லை. இக்கணக்கு நம் கையில் இல்லாமல் அரசாங்கத்தோடு பேசச் செல்வது, உறுதியைக் காட்டாமற் காணிக்கு விலை பேசுவது போன்றது.

முதியவரிடம் இவ்வளவையும் அன்று நான் சொல்லவில்லை. "ஐயா, மருமகனுடைய வழக்கு இலக்கம், குற்றப் பத்திரிகைப் பிரதி, ஒப்புதல் வாக்குமூலத்தின் பிரதி, கடைசித் தவணை போட்ட கடதாசி, இவை வீட்டில் இருக்குமா?" என்று மட்டும் கேட்டேன்.

"எல்லாம் ட்ரங்குப் பெட்டியிலை கிடக்குது தம்பி. நாளைக்கே கொண்டு வாறன்" என்றார்.

கொண்டு வந்தார். ஒப்புதல் வாக்குமூலம் சிங்களத்தில் இருந்தது. வேறு சாட்சியம் எதையும் அக்கட்டில் நான் காணவில்லை.